நாவாயில் வந்த நாவாய்ப்பூச்சி

பினாங்கு என்றதும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன நினைவுக்கு வரும்? கொடிமலை ரயில் வரும். தைப்பூசத்துத் தண்ணீர்மலை வரும். கடலைக் கடக்கும் ஃபெர்ரி வரும். பெரியவர்களுக்கோ, தாத்தாவும் பாட்டியும் கப்பலை விட்டு இறங்கிய கரை என்ற நினைவு வரும். இந்த அழகுத் தீவைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நாம் இன்று அந்தத் துறைமுகத்தை ஒரு பூச்சியின் கண்கொண்டு பார்க்கப் போகிறோம்.

பூச்சியா என்று முகம் சுளிக்க வேண்டாம். கப்பலில் வந்து குடியேறியவர்கள் நாம் மட்டும் அல்லர். நம்மைப் போலவே டிக்கெட் வாங்காமல் ஏறி வந்து, ஊர் ஊராய்க் குடித்தனம் போட்ட ஒரு ஜீவனின் கதை இது. அதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று நம் செம்பனைத் தோட்டத்தில் கூலி வாங்காமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்று பகை, மற்றொன்று நட்பு. இரண்டையும் பிரித்தறியாமல் அடித்தால் நஷ்டம் நமக்குத்தான்.

கரையில் கொஞ்ச தூரம்

பட்டர்வொர்த்திலிருந்து படகில் போனால் பெங்காலான் வெல்ட் கரையில் இறங்கலாம். பழைய இரட்டைத் தட்டு ஃபெர்ரி 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றது. 2023-இல் வந்த புதிய படகுகளில் நடந்து போகிறவர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் போகலாம். காரில் போகிறவர்களுக்கு 1985-இல் திறந்த முதல் பாலமும், 2014-இல் திறந்த இரண்டாவது பாலமும் இருக்கின்றன.

கரையில் இறங்கிப் பட்டணத்துக்குள் நடந்தால், லெபோ பந்தாய் பக்கத்தில் வரிசையாகப் பழைய கிடங்குகள். கனத்த சுவர், மரப் பலகைக் கதவு, உயரத்தில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள். அரிசியும் மிளகும் பாக்கும் மூட்டை மூட்டையாகக் கிடந்த இடங்கள் இவை. இன்னும் உள்ளே போனால் லெபோ பசார். மல்லிகைப் பூ மணமும் மசாலா மணமும் கலந்து வரும். குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் மகாமாரியம்மன் கோயில். அதற்குக் கூப்பிடு தூரத்தில் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பிரான்சிஸ் லைட் 1786-இல் ஆங்கிலக் கொடியை ஏற்றிய நாள் முதல் உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்கிய ஊர் இது. 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமை நகரமாக அறிவித்தது.

இந்தக் கரைக்குத்தான் ரஜூலா வந்தது. 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அதன் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்தது. பாலத்தில் போகும்போது தெரியும் ஜெரெஜாக் தீவை நம் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். ஊரில் நோய் பரவக்கூடாது என்று புதிதாக வந்த தொழிலாளர்களைத் தடுத்து வைத்துப் பரிசோதித்த தீவு அது. மனிதனுக்குப் பரிசோதனை நடந்தது, சரி. மூட்டை இடுக்கில் வந்த எலிக்கு யார் பரிசோதனை செய்தார்கள்? எலிக் கூட்டுக்குள் ஒளிந்து வந்த பூச்சியை யார் பார்த்தார்கள்?

எலியோடு உலகம் சுற்றியது

தமிழ்நாட்டு விவசாயிகள் செடியின் சாற்றையோ மற்றப் பூச்சியின் சாற்றையோ குத்தி உறிஞ்சும் வகைக்கு நாவாய்ப்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாவாய் என்றால் கப்பல் என்றும் பொருள். நாம் பேசப் போகும் பூச்சிக்கு இந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தும்.

இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை மற்றப் பூச்சிகளைக் குத்திக் கொன்று தின்பவை. அதனால் ஆங்கிலத்தில் ‘அஸாஸின் பக்’, அதாவது கொலைகாரப் பூச்சி என்பார்கள். உலகம் முழுதும் ஏறக்குறைய 7,000 வகைகள் உண்டு. அவற்றுள் ஒரு சிறு கிளை மட்டும் வேட்டையை விட்டுவிட்டு இரத்தம் குடிக்கப் பழகிவிட்டது. இரத்தம் குடிக்கும் இந்தக் கிளையின் பெரும்பகுதி தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா, மெக்ஸிகோ பக்கங்களில் வாழ்கிறது. ஒரே ஒரு வகைதான் பழைய உலகம், புது உலகம் இரண்டிலும் காணப்படுகிறது. அதன் அறிவியல் பெயர் டிரையாடோமா ரூப்ரோஃபேசியேட்டா. சிவப்புப் பட்டை போட்டது என்று பொருள்.

சுவீடன் நாட்டு அறிஞர் சார்ல்ஸ் டி கீர் 1773-இல் இதற்கு முதன்முதலில் பெயரிட்டு எழுதினார். இன்று பிரேசிலிலும் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. வியட்நாம், சிங்கப்பூர், மலேசியா, ஹவாய் என்று வெப்பநாடுகள் பலவற்றில் இருக்கிறது. இந்த ஊர்களையெல்லாம் உலகப் படத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கடற்கரையாகவும் துறைமுகமாகவும் இருக்கும்! அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, பாய்மரக் கப்பல் காலத்தில் எலிகளோடு உலகம் சுற்றியது என்பதே ஆய்வாளர் பலருடைய கருத்து. காட்டுப் பூச்சி எங்கே இருக்கும் என்பதை மழையும் மரமும் முடிவு செய்யும். இந்தப் பூச்சி எங்கே இருக்கும் என்பதை மனிதனின் வியாபாரம் முடிவு செய்தது. துறைமுகம், கிடங்கு, எலி ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் எதுவோ, அதுவே இதன் சொந்த ஊர்!

நம் முன்னோர் கப்பலேறிய சென்னைக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் பணியாற்றிய டாக்டர் சார்ல்ஸ் டோனவன், காலா அசார் என்ற கொடிய காய்ச்சலை இந்தப் பூச்சி பரப்புகிறதோ என்று சந்தேகித்து 1909-இல் எழுதினார். அந்தச் சந்தேகம் சரியல்ல என்று பின்னால் தெரிந்தது. அந்தக் காய்ச்சலைப் பரப்புவது சின்னஞ்சிறு மணல் ஈ. ஆனால் அதே 1909-இல் பிரேசில் நாட்டு டாக்டர் கார்லோஸ் சாகாஸ், இதன் அமெரிக்க உறவுகள் வேறொரு நோயைப் பரப்புவதைக் கண்டுபிடித்தார். இதயத்தைக் கெடுக்கும் அந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்துச் சாகாஸ் நோய் என்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்து மண்வீடுகளில் ஏழைகளை வாட்டும் நோய். நம் பக்கத்தில் இதன் தொல்லை வேறு மாதிரி. இரவில் தூங்கும்போது கடிக்கும். சிலருக்குத் தடிப்போடு போய்விடும். சிலருக்கு உடம்பெல்லாம் வீங்கி மூச்சுத் திணறும். சிங்கப்பூரில் இப்படிக் கடிபட்டுக் கடுமையாகப் பாதிக்கப்பட்டதைப் பற்றி 1973-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், கரும்பழுப்பு உடம்பு, வயிற்றோரம் முழுக்க வண்ணக் கரை. இந்தக் கரை எல்லாப் பூச்சிக்கும் ஒரே நிறமாக இருப்பதில்லை. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் செம்மஞ்சள், ஒன்றில் சிவப்பு. அப்படியானால் இவை மூன்று வகையா? இல்லை, ஒன்றுதான்.

மூன்று சட்டை, ஒரே ஆள்

நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் நம் கப்பல் புறப்பட்ட கரையிலேயே இருக்கிறது. ஒரு முறை திருநெல்வேலிச் சீமைக்குப் போய் வருவோம்.

பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. அங்கே பேராசிரியர் டன்ஸ்டன் அம்புரோஸும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் இந்தக் கொலைகாரப் பூச்சிகளையே வளர்த்து ஆராய்ந்தார்கள். இந்தியாவில் உள்ள வகைகளைத் தேடித் தொகுத்து 2006-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 464 வகைகள் இருக்கின்றன. அவற்றுள் ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் என்பது தென்னாட்டு முட்புதர்களிலும் நிலக்கடலைக் காட்டிலும் திரியும் வேட்டைப் பூச்சி. பயிர் தின்னும் புழுக்களைக் குத்திக் கொல்வது இதன் தொழில்.

இந்தப் பூச்சி மூன்று சட்டைகளில் வரும். ஒன்றுக்கு வயிற்றின் கரை முழுக்கக் கறுப்பு. ஒன்றுக்கு முழுக்கச் சிவப்பு. மூன்றாவதற்குக் கறுப்பும் சிவப்பும் மாறி மாறி, சேலைக் கரை போல. பார்ப்பவர் மூன்று வகை என்றுதான் சொல்வார். ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று கூடிக் குஞ்சு பொரிக்கும். ஒரே வீட்டில் அண்ணன் மாநிறமாகவும் தம்பி சிவப்பாகவும் பிறப்பதில்லையா, அப்படித்தான்.

பூச்சியை விடுங்கள். மலேசியக் காட்டுக் கருஞ்சிறுத்தையையே பாருங்கள். அது தனி மிருகம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் புள்ளிச் சிறுத்தையும் கருஞ்சிறுத்தையும் ஒரே இனம்தான். தாய்லாந்தின் தென்பகுதியில் நிலம் ஒடுங்கும் கிரா பூசந்திக்கு வடக்கே புள்ளிச் சிறுத்தை சாதாரணம். அதற்குத் தெற்கே, நம் தீபகற்பத்தில் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு. காட்டில் தானாக இயங்கும் கேமராக்களை வைத்து எடுத்த படங்களால் இது உறுதியாயிற்று. அந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. இரவுக் கேமராவின் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் படம் எடுத்தால், அந்தக் கறுப்புக்குள்ளேயே புள்ளிகள் தெரிகின்றன! ஆக, நிறம் என்பது இடத்துக்கு இடம் மாறும் சட்டை. ஆள் அதே ஆள்தான்.

கொலைகாரப் பூச்சிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. குஞ்சு ஐந்து முறை தோல் உரித்த பிறகே இறகு முளைத்த பெரிய பூச்சியாகும். ஒவ்வொரு முறையும் உரித்த கையோடு உடம்பு இளஞ்சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ மெதுவாக இருக்கும். சில மணி நேரத்தில் இறுகிக் கறுத்துவிடும். காலையில் சிவப்பாகப் பார்த்ததை மதியம் கறுப்பாகப் பார்த்தால் வேறு பூச்சி என்றுதானே நினைப்போம்?

செம்பனை மட்டையில் ஒரு காவல்காரன்

இப்போது படகேறி மறுபடியும் பெருநிலக் கரைக்கு வருவோம். செபராங் பிறையிலும் கெடாவிலும் பேராக்கிலும் நம்மவர் பால்மரம் வெட்டிய நிலங்களில் பல இன்று செம்பனை. செம்பனைக்கு வரும் பெரிய பீடை பைப்புழு. காய்ந்த ஓலைத் துணுக்குகளைப் பட்டுநூலால் கட்டிப் பையாக்கி, அதற்குள் இருந்துகொண்டே தலையை மட்டும் நீட்டி ஓலையைச் சுரண்டித் தின்னும். ஓலையில் பத்தில் ஒரு பங்கு போனாலே பழக்குலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது ஆய்வாளர் கணக்கு. குலை குறைந்தால் கூலியும் குறையும். 2013-இல் அரசாங்கம் இதை ஆபத்தான பீடை என்றே அறிவித்தது.

இந்தப் புழுவைப் பைக்குள்ளேயே குத்தி உறிஞ்சும் காவல்காரன்தான் சைக்கானஸ் டைக்கோட்டமஸ் என்னும் கொலைகாரப் பூச்சி. நீண்ட கழுத்து, நீண்ட கால், முதுகில் நிமிர்ந்த ஒரு முள். இலையில் ஒட்டுப்பசையோடு முட்டைகளை நெருக்கமாக அடுக்கி வைக்கும். பொரித்த குஞ்சுகள் கூட்டமாக நின்று தங்களைவிடப் பெரிய புழுவையும் சேர்ந்தே வீழ்த்தும். மலேசியாவில் இதை வளர்த்துத் தோட்டங்களில் விடவும் முயன்றிருக்கிறார்கள்.

இந்தக் காவல்காரனை ஒழித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் டி.டி.டி., டீல்ட்ரின், எண்ட்ரின் போன்ற கொடிய மருந்துகளைச் செம்பனைத் தோட்டங்களில் அடித்தார்கள். புழு ஒழிந்ததா? இல்லை, பெருகியது! பையின் மறைவில் இருந்த புழு பிழைத்துக்கொண்டது. வெளியே திரிந்த வேட்டைப் பூச்சிகளும் புழுவில் முட்டையிடும் சிறு குளவிகளும் செத்தன. பூச்சி ஆய்வாளர் பிரையன் வுட் இதைக் கவனித்து எழுதினார். 1968-இல் நூலாகவும் வெளியிட்டார். கண்மூடித்தனமான மருந்தடிப்பை நிறுத்திய இடங்களில் இயற்கைக் காவலர்கள் திரும்பி வந்தார்கள், புழு அடங்கியது. வேலியை வெட்டி அடுப்பெரித்து விட்டு மாட்டைத் திட்டி என்ன பயன்?

மருந்து கொல்வது பூச்சியை மட்டும் அல்ல. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பம்பை முதுகில் சுமந்து நடந்தவர்களில் நம் தாய்மாரும் அக்கா தங்கைமாரும் எத்தனை பேர்! நகம் கறுத்து விழுந்ததும், கண் எரிந்ததும், மூக்கில் இரத்தம் வந்ததும் நம் வீடுகளில் தெரியாத கதைகளா? இதில் பினாங்குக்கு ஒரு பெருமை உண்டு. பூச்சிமருந்துக் கேட்டை எதிர்க்கும் உலக அமைப்பு ஒன்று 1982-இல் இந்தப் பினாங்கில் நடந்த கூட்டத்தில்தான் பிறந்தது. அந்த அமைப்பும் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் தோட்டத் தொழிலாளர் சார்பில் பேசிய அமைப்புகளும் நெடுங்காலம் போராடிய பிறகு, புல்லுக்கு அடிக்கும் பராகுவாட் என்ற நஞ்சு மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டது.

மூக்கைப் பார், இடத்தைப் பார்

அப்படியானால் பகையையும் நட்பையும் எப்படி அடையாளம் காண்பது? நிறத்தை வைத்து முடியாது என்று பார்த்துவிட்டோம். பிறகு எதைப் பார்ப்பது?

முதலாவது, மூக்கு. தலைக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் குத்தூசியைத்தான் சொல்கிறோம். வேட்டைக்காரப் பூச்சியின் மூக்கு தடித்து, கிளியின் மூக்கைப் போல் வளைந்திருக்கும். இரத்தம் குடிக்கும் பூச்சியின் மூக்கு மெலிந்து, நேராகத் தலையோடு ஒட்டிக் கிடக்கும். இதைப் பார்ப்பதற்காகப் பூச்சியைக் கையில் பிடிக்க வேண்டாம். வேட்டைப் பூச்சியும் பிடித்தால் குத்தும். தேள் கொட்டியது போல் வலிக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்து, கீழே அட்டையைச் செருகிப் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, இடம். பகலில் இலையிலும் மட்டையிலும் பூவிலும் நிதானமாக நடந்து திரிவது பெரும்பாலும் வேட்டைப் பூச்சி. இரவில் வீட்டுக்குள்ளே படுக்கை ஓரத்திலும் பலகை இடுக்கிலும் தென்படுவதுதான் சந்தேகத்துக்குரியது.

வீட்டுப் பூச்சிக்கு மருந்தைவிட நல்ல வைத்தியம் எலியை விரட்டுவது. விறகு, பழைய பலகை, தேங்காய் மட்டை ஆகியவற்றைச் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். கோழிக் கூட்டைப் படுக்கை அறையிலிருந்து தள்ளி வையுங்கள். சுவர் ஓட்டையை அடையுங்கள். பிள்ளைகளை வலைக்குள் தூங்க வையுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு வாங்கினால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தோட்டத்துப் பூச்சிக்குச் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். இலையில் ஒட்டியிருக்கும் முட்டைக் கூட்டத்தைச் சுரண்டாதீர்கள். சாலையோரம் பூத்திருக்கும் மஞ்சள், வெள்ளைப் பூச்செடிகளைப் புல் என்று நினைத்து அழிக்காதீர்கள். காலை எட்டு மணிக்கு விரிவதால் மலாய்க்காரர்கள் எட்டு மணிப்பூ என்று சொல்லும் செடியும் அவற்றில் ஒன்று. அழகுக்காக மட்டும் அவற்றை நடவில்லை. நமக்கு உதவும் பூச்சிகளுக்கு அங்கேதான் தேனும் தங்குமிடமும்.

நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்துவிட்டோம். ஆனாலும் வாசலில் நாலு கறிவேப்பிலைச் செடியும் ஒரு கொத்து வெண்டையும் இல்லாத வீடு உண்டா? இந்தப் பாடம் அங்கேயும் பொருந்தும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போகிறவர்கள் தெலுக் பாஹாங் வரை போய் வாருங்கள். 1986-இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி, 2016-இல் விரிவாகிய எண்டோபியா அங்கே இருக்கிறது. பட்டணத்து மக்கள் காசு கொடுத்துப் பூச்சி பார்க்க வரும் இடம். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திரும்பி வந்ததும், காசு கொடுக்காமல் நம் வாசலிலேயே பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள். சிவப்போ கறுப்போ, ஒரு பூச்சியைக் கண்டவுடன் செருப்பைத் தேடாமல் முதலில் அதன் மூக்கைப் பார்க்கும் பிள்ளை, நாளைக்கு மருந்துப் பம்பைத் தொடும் முன்பும் ஒரு முறை யோசிக்கும்.